ஏழாவது மேற்கோள்

தனக்கு மிக நெருக்கமான ஒன்றைப் பற்றி எழுதாதே என்று ஒரு விதி இருக்கிறது. அந்த விதிக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டிருப்பவனை நேர்மையானவன் என்று சொல்லலாமா? ஏசுராஜின் வாழ்க்கை எனக்கு இந்தக் கேள்வியாகத்தான் வந்து சேர்ந்தது. பதில் என்னிடம் இல்லை. அவரைப் பாராட்டுவதற்காகவும் இதை எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஏசுராஜுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. மரக்காணத்தில் மேற்குக்கழி உப்பு உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடைமேடை எழுத்தராக இருந்தவர். உப்பு ஏற்றிய லாரி மேடைமேல் ஏறி நிற்கும். அவர் எண்ணைப் பார்த்துச் சீட்டு எழுதுவார். இருபத்தெட்டு ஆண்டுகள் இதே வேலை. அவருடைய அப்பா அந்தச் சங்கத்தின் உப்பளத்தில் வெறுங்காலோடு பாத்தியில் இறங்கி உப்பு வாரியவர். மகன் தபால் வழியில் வரலாறு படித்து பி.ஏ. வாங்கினான். அந்தப் பட்டத்தை மதித்து எடைமேடையில் நாற்காலி கொடுத்தவர் அன்றைய சங்கச் செயலாளர் அசோகன். ஏசுராஜின் மனைவி சந்தனமேரி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர்.

ஊரடங்கு வந்து லாரிகள் நின்றுபோன மாதங்களில்தான் ஏசுராஜ் இணையக் கலைக்களஞ்சியத்துக்கு வந்தார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற வகைக் கலைக்களஞ்சியம் அது. யார், எந்த நிமிடத்தில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பதெல்லாம் அழியாமல் பதிவாகியிருக்கும். எழுதும் ஒவ்வொரு தகவலுக்கும் அச்சில் வந்த ஒரு மேற்கோள் காட்ட வேண்டும். அவர் அருகிலுள்ள அனுமந்தை என்ற ஊரைப் பற்றிய பக்கத்தைத் தேடியிருக்கிறார். மூன்று வரி இருந்தது. அதில் ஒரு தூரம் தவறு. திருத்தினார். அன்று மாலையே ஒருவர், “இதற்கு மேற்கோள் என்ன?” என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்துப்போயிற்று. யார் சொன்னது என்று கேட்கும் இடம் ஒன்றை அதற்குமுன் தாம் பார்த்ததில்லை என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

கேட்டவன் நான்தான். திண்டிவனத்தில் இருந்துகொண்டு அதே கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறேன்; பிறர் எழுதுவதை மேற்பார்க்கும் சிலரில் ஒருவன்.

‘உப்பங்கழி’ என்ற புனைபெயரில் அவர் முந்நூறு கட்டுரைகளுக்கு மேல் எழுதினார். ஊர்கள், ஏரிகள், கழிவெளிச் சதுப்புக்கு வரும் பறவைகள், நண்டு வகைகள், கோட்டக்குப்பத்துப் பள்ளிவாசல்கள். நடையில் அழகு கிடையாது. ஆனால் நம்பலாம். பிறர் எழுதியதைத் திருத்துவதில் கறாரானவர். ஓர் உள்ளூர்ப் பிரமுகரைப் பற்றி அவருடைய மருமகனே வந்து ‘ஏழைகளின் விடிவெள்ளி’ என்று எழுதிவைத்தபோது, அதை வெட்டிவிட்டு, “நலமுரண். உறவினர் எழுதக் கூடாது” என்று ஒரே வரியில் காரணம் எழுதினார். தம்முடைய பங்குக் கோயிலான மாதா கோயிலைப் பற்றிக் கடைசிவரை அவர் எழுதவில்லை. சந்தனமேரிக்கு அதில் பெரிய வருத்தம்.

“சாமியாரு கேக்குறாரு. உலகத்துல இருக்குற கொக்கு, நாரையெல்லாம் எழுதுறாராம், நம்ம மாதாவப் பத்தி எழுத மாட்டாராமான்னு.”

“நான் பங்குப்பேரவையில இருக்கேன். எழுதக் கூடாது.”

“அப்போ மசூதியப் பத்தி எழுதுனீங்க?”

“அங்க நான் ஒண்ணும் கெடையாதே.”

“நல்லா இருக்குது ஞாயம். ஒண்ணுமே தெரியாதவங்கதான் எழுதணும்போல.”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். எங்கள் வேலையைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2021இல் அவர் தம் சங்கத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். தாம் அங்கு ஊழியர் என்பதைப் பயனர் பக்கத்தில் முன்கூட்டியே அறிவித்துவிட்டு எழுதினார். அப்படி அறிவித்தால் எழுதலாம் என்று விதி இடம் தருகிறது. பாத்திகளின் பரப்பு, உறுப்பினர் எண்ணிக்கை, உப்பு எடுக்கும் மாதங்கள் எல்லாம் துல்லியமாக இருந்தன. படித்துவிட்டு நான், கட்டுரையை ஒட்டி எழுதுபவர்கள் விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் எழுதினேன்: “கட்டுரை விளம்பரம்போல் உள்ளது. ஊழியர் எழுதியது என்பதால் கூடுதல் கவனம் தேவை. விபத்துகள், புகார்கள் எதுவும் அச்சில் வந்ததில்லையா? நடுநிலைக்காகச் சேர்க்கவும்.”

நான்கு நாள் கழித்து ‘விபத்துகள்’ என்ற தலைப்பில் ஒரு பத்தி சேர்ந்திருந்தது. “2012 அக்டோபரில் அரசப்பன் (38) என்ற தொழிலாளி மூன்றாம் மதகருகே கால்வாயில் விழுந்து இறந்தார். அவர் மது அருந்தியிருந்ததாகக் கூறப்படுகிறது.” மேற்கோளாக ஒரு நாளிதழின் செய்தியைக் காட்டியிருந்தார். கட்டுரையில் அது ஏழாவது மேற்கோள். நான் சரிபார்த்தேன். செய்தியில் இருந்தது சொல் மாறாமல் இருந்தது. “நன்றி, இப்போது நடுநிலையாக உள்ளது” என்று எழுதினேன்.

அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஏசுராஜுக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். முதல் மழை இறங்கிய ஒரு விடியற்காலையில் கால்வாயில் தண்ணீர் ஏறியது. குவித்து வைத்திருந்த உப்பின் அடியைத் தண்ணீர் தொட்டால் ஒரு பருவத்து உழைப்பு கரைந்துவிடும். அரசப்பன் மூன்றாம் மதகைத் திறக்கப் போனார். மதகின்மேல் ஒரு நடைப்பலகை. அதன் ஆணிகளை உப்பு தின்றுவிட்டிருந்தது. பலகை புரண்டது, அவர் தலை கல்லில் அடிபட்டுத் தண்ணீரில் விழுந்தார். பலகை ஆடுகிறது என்று அதற்கு முன்பே இரண்டு முறை அவர் வந்து சொல்லியிருந்தார். பராமரிப்பு நோட்டில் இரண்டு முறையும் அதை எழுதியது ஏசுராஜின் கைதான்.

காலை ஒன்பதரைக்குச் சங்க அலுவலகத் தொலைபேசி மணி அடித்தது. கோட்டக்குப்பத்திலிருந்து ஷஃபி, அந்தப் பகுதிச் செய்திகளை நாளிதழுக்குத் தொலைபேசியிலேயே விசாரித்து அனுப்புகிறவர்.

“அண்ணே, அளத்துல ஒருத்தர் மவுத்தாயிட்டாராமே, என்ன ஆச்சு?”

ஏசுராஜ் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு செயலாளரைப் பார்த்தார். அசோகன் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

“தண்ணி போட்டிருந்தான்னு சொல்லு. பலகையப் பத்தி வாயத் தொறக்காத.”

“சார், அவரு குடிக்கிறவரு இல்ல.”

“யாருய்யா கேக்கப் போறா? ஒரு வரி. சொல்லிட்டு வை.”

ஏசுராஜ் சொன்னார்: “குடிச்சிருந்தாருன்னு சொல்றாங்க.”

‘சொல்றாங்க’ என்று அசோகன் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படிச் சொல்லும் பலரை ஏசுராஜ் தாமாகவே உண்டாக்கினார். மறுநாள் நாளிதழில் அவர்கள் ‘கூறப்படுகிறது’ ஆனார்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு சாவோடு குடியைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. காவல் நிலையமும் கேட்கவில்லை. இறந்தவரின் மனைவி பாக்கியலட்சுமிக்கு அசோகன் சங்கத்திலேயே நிரந்தரமாகச் சுமை வேலை போட்டுக் கொடுத்தார். எட்டு வயது மகள் நிரோஷா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்த நாளிதழை அவர்கள் வீட்டில் யாரும் படிக்கவில்லை. வீட்டைப் பொறுத்தவரை அவர் பலகை புரண்டு செத்தவர்.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த வரியை ஏன் எடுத்துக் கட்டுரையில் போட்டார் என்று நான் அவரிடம் கேட்டிருக்கிறேன். சங்கத்துக்குச் சாதகமாக எழுதுகிறான் என்று நான் சந்தேகப்பட்டது அவரைச் சுட்டிருக்கிறது. சாவை மறைக்கக் கூடாது என்று சேர்த்தார். சேர்த்தபின், செய்தியில் இருப்பதில் பாதியை விட்டால் அது தம் விருப்பப்படி வெட்டியதாகும் என்று நினைத்தார். முழுவதையும் எழுதினார். விதிப்படி பார்த்தால் ஒரு பிழையும் இல்லை. மேற்கோள் காட்டியபோது அந்தச் செய்தி வேறு யாரோ சொன்னது மாதிரியே இருந்தது என்றார். இதை அவர் சாக்காகச் சொல்லவில்லை. தம் மனம் அப்படி வேலை செய்ததைப் பார்த்துப் பயந்தவராகச் சொன்னார்.

2023இல், உப்பெடுப்பு மும்முரமாக இருந்த ஒரு நாள், பாக்கியலட்சுமி எடைமேடை ஜன்னலுக்கு வந்து நின்றாள். தலையில் சும்மாடு அப்படியே இருந்தது.

“ஏசுராஜண்ணே, ஒரு ஒத்தாச.”

“சொல்லும்மா.”

“நெட்ல நம்ம சங்கத்தப் பத்திப் போட்டிருக்குதாம். அதுல நிரோஷா அப்பா குடிச்சிட்டு உழுந்து செத்தாருன்னு இருக்குதாம். காலேஜுல அவங்கவங்க ஊரப் பத்தி எழுதிக்கினு வரச் சொல்லியிருக்காங்க. இந்தப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு இத எடுத்துக்கினு போயி எல்லாரு எதிர்லயும் படிச்சிடுச்சு. பேரோட. எம் பொண்ணு அதே பெஞ்சுல குந்திக்கினு இருக்குது.”

ஏசுராஜ் சீட்டுப் புத்தகத்தை மூடினார்.

“ஒரு வாரமா காலேஜ் போகல அது. நீங்க கம்ப்யூட்டர்ல என்னென்னமோ எழுதுறீங்கன்னு மேரியக்கா சொல்லுச்சு. எந்தப் பாவி போட்டான்னு பாத்து எடுக்கச் சொல்லுங்கண்ணே.”

“பாக்கறம்மா.”

“போட்டவன் பேரு தெரியுமா?”

“பேரெல்லாம் இருக்காது. புனைபேருதான் இருக்கும்.”

“பேரு போடக் கூடத் துப்பில்ல, செத்தவரு பேரு மட்டும் போடுறான்” என்று சொல்லிவிட்டு அவள் சுமைக்குத் திரும்பினாள்.

அன்று மாலை அவர் கட்டுரையைத் திறந்து இரண்டாவது வாக்கியத்தை நீக்கினார். காரணம் எதுவும் எழுதவில்லை. நான் பார்த்தேன். சங்கத்தின் ஊழியர் என்று தம்மை அறிவித்துக்கொண்ட ஒருவர், சங்கத்தில் நடந்த சாவு பற்றிய பத்தியிலிருந்து மேற்கோளுள்ள ஒரு வரியை நீக்குகிறார். எனக்கு அது போதும். இரண்டு நிமிடத்தில் மீட்டு வைத்தேன். “நலமுரண் உள்ள பயனர் காரணமின்றி நீக்கியது” என்று எழுதினேன். அந்த வரி போவதால் சங்கத்துக்கு என்ன லாபம் என்று யோசித்திருந்தால்கூட எனக்கு ஏதோ புரிந்திருக்கும். யோசிக்கவில்லை.

பாக்கியலட்சுமி விஷயத்தைச் சந்தனமேரியிடமும் சொல்லியிருந்தாள். சாப்பாட்டின்போது சந்தனமேரி கேட்டாள்.

“அது நீங்க எழுதுனதா?”

“பேப்பர்ல இருந்தத எழுதுனேன்.”

“பேப்பர்காரனுக்கு யாரு சொன்னது?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“கேக்கறேனில்ல. யாரு சொன்னது?”

“நான்தான்.”

அவள் எழுந்து குழம்புச் சட்டியை மூடினாள். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “மாதா தேரு அன்னிக்கு ட்ராக்டர்ல உங்கள ஏத்திக்கினு வந்து வாசல்ல எறக்கிவுட்டவரு அவரு. மொத்த வண்டியும் குடிச்சிருந்துச்சு, அவரத் தவிர. நீங்க வாந்தி எடுத்தீங்க. கழுவிவுட்டது அவரு. நான் தண்ணி மொண்டு குடுத்தேன், ஞாபகம் இருக்குதா?”

இருந்தது. அந்த நாளிலேயே, ரிசீவரைப் பொத்தியிருந்த அந்த அரை நிமிடத்திலேயே, அது நினைவுக்கு வந்ததாக என்னிடம் சொன்னார்.

மறுநாள் உரையாடல் பக்கத்தில் அவர் எழுதியது இது: “ஏழாவது மேற்கோளில் உள்ள தகவலைச் செய்தியாளருக்குத் தொலைபேசியில் சொன்னவன் நான். அது பொய். இறந்தவர் குடிப்பழக்கம் இல்லாதவர். வரியை நீக்கக் கோருகிறேன்.” கீழே ‘உப்பங்கழி’ என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் தம் சொந்தப் பெயரையும் போட்டிருந்தார். பராமரிப்பு நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்.

நான் விதிப்படி பதில் எழுதினேன். தனிப்பட்ட வாக்குமூலம் மேற்கோள் ஆகாது. வெளியிடப்படாத நோட்டும் ஆகாது. மறுப்பு ஏதேனும் அச்சில் வந்திருந்தால் தரவும். அவர் தம் எண்ணைக் கொடுத்தார். பேசினேன். அப்போதுதான் இதுவரை நான் சொன்னது எல்லாவற்றையும், அசோகன் சொன்ன சொற்கள் உட்பட, அவர் வாயால் கேட்டேன்.

“அப்போ நான் பொய் சொன்னா ஏத்துக்கறீங்க, உண்மையச் சொன்னா ஏத்துக்க மாட்டீங்களா சார்?”

“அப்படி இல்லீங்க. பொய் பேப்பர்ல வந்துடுச்சு.”

சொல்லும்போதே எனக்குக் கூசியது. போனை வைத்தபின் எங்களுடைய இன்னொரு விதி நினைவுக்கு வந்தது: பொதுவாழ்வில் இல்லாத ஒருவரைப் பற்றி, ‘கூறப்படுகிறது’ என்ற அளவில் மட்டும் இருக்கும் ஒரு தகவல் தேவையே இல்லை. 2021இலேயே நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அன்றே வரியை நீக்கினேன். அரசப்பன் கால்வாயில் விழுந்து இறந்தார் என்பதோடு பத்தி முடிந்தது.

ஏசுராஜ் அத்தோடு நின்றிருக்கலாம். உரையாடல் பக்கத்தைப் படிக்கிறவர்கள் எங்களைப்போல நான்கு பேர். மரக்காணத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

மூன்று நாள் கழித்துப் பாக்கியலட்சுமி ஒரு பிளாஸ்டிக் பையில் கழி இறாலோடு எடைமேடைக்கு வந்தாள். பைக்குள் சில இறால் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன.

“எடுத்துட்டாங்களாம்ணே. நிரோஷா போன்ல காட்டுச்சு. நீங்க சொல்லித்தான எடுத்தாங்க? நீங்களும் உங்க புள்ளகுட்டிங்களும் நல்லா இருக்கணும். மேரியக்காகிட்ட குடுங்க, இப்போ புடிச்சது.”

அவர் பையை வாங்கிக்கொண்டார். வாங்கியபின்தான் தம் கையில் அது இருப்பதைக் கவனித்தாராம்.

“பாக்கியம், அத எழுதுனது நான்தான்.”

அவளுக்குப் புரியவில்லை. “எடுத்தது நீங்கன்னுதான சொல்றேன்.”

“போட்டதும் நான். பேப்பர்ல அப்படி வர்றதுக்கு சொன்னதும் நான். அன்னிக்குக் காலையில போன்ல.”

மேடைமேல் நின்ற லாரியின் ஓட்டுநர் சீட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். ஏசுராஜ் சீட்டைக் கொடுத்தார். லாரி இறங்கிப் போனது.

“அவரு குடிக்க மாட்டாருன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“பலக ஆடுதுன்னு வந்து சொன்னாரே, அதுவும் தெரியும்ல?”

“நான்தான் எழுதி வெச்சேன்.”

“பதினோரு வருசமா டெய்லி உங்க மூஞ்சியிலதான்ணே முழிக்கிறேன். நீங்க எட போட்டாத்தான் சரியா இருக்கும்னு இங்க எல்லாருகிட்டயும் சொல்லிக்கினு இருக்கேன்.”

“பாக்கியம், நான்—”

“மன்னிப்புன்னு எதுனா கேட்டீங்கன்னா இங்கயே கத்திடுவேன். நான் குடுக்க மாட்டேன். சும்மா எடுத்துட்டா எப்படி? அந்தக் கிளாஸுல கேட்டதுங்க காதுலேருந்து எடுக்க முடியுமா? பேப்பர்லதான சொன்னீங்க, பேப்பர்லயே மாத்திச் சொல்லுங்க. எம் பொண்ணு அத எடுத்துக்கினு போயி அதே கிளாஸுல படிக்கணும்.”

பிறகு கையை நீட்டினாள். “அந்தப் பையக் குடுங்க.”

அவர் கொடுத்தார். அவள் இறாலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏசுராஜ் பஸ் ஏறிக் கோட்டக்குப்பம் போனார். ஷஃபி இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறார். செய்தி அனுப்புவதையும் விடவில்லை. துபாயிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவருடைய போனைப் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“பதினோரு வருசத்து நியூஸுக்கு மறுப்பா? அண்ணே, பேப்பர் ஆபீஸ் டெஸ்க்குல சிரிப்பாங்க. நேத்து போட்டதுக்கே மறுப்புப் போட மாட்டாங்க.”

“போட்டாவணும் ஷஃபி.”

“உங்க வேலைக்கு வேட்டு வெக்கிற சமாச்சாரம் இது. ரிட்டையர்மென்ட்டுக்கு எத்தினி வருசம் இருக்குது?”

“ரெண்டு.”

“ரெண்டு வருசம் பொறுத்துக்கினா என்னவாம்? ஓடியா போயிடப் போவுது?”

“அந்தப் பொண்ணு காலேஜு அதுக்குள்ள முடிஞ்சிடும்.”

ஷஃபி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். “எனக்கும் இதுல பங்கு இருக்குது. நானும் ஒரு போனோட முடிச்சுக்கினேன். அந்த வீட்டுப் பக்கம் போயி ஒரு வார்த்த கேக்கல. அல்லா கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?” என்றார். பிறகு ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

பத்து நாள் ஆயிற்று. மாவட்டப் பக்கத்தின் அடியில், நிலத்தரகர் விளம்பரத்துக்கு மேலே, பன்னிரண்டு வரியில் அது வந்தது. 2012இல் வெளியான செய்தியில் இறந்தவர் மது அருந்தியிருந்ததாகக் கூறப்பட்டது தவறு என்றும், அத்தகவலைத் தந்த சங்க எழுத்தர் ஏசுராஜ் அதை ஒப்புக்கொண்டார் என்றும், நடைப்பலகை பழுது குறித்து இறந்தவர் முன்பே இருமுறை தெரிவித்திருந்தது சங்கக் குறிப்பேட்டில் உள்ளது என்றும் இருந்தது.

நிரோஷா மறுநாள் கல்லூரிக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். வகுப்பில் படித்தாளா என்பது எனக்குத் தெரியாது, விசாரிக்கவில்லை. சங்கம் ஏசுராஜை ஒரு மாதம் இடைநீக்கம் செய்தது. திரும்பி வந்தவரை எடைமேடையிலிருந்து எடுத்துச் சாக்குக் கிடங்கில் போட்டார்கள். பாக்கியலட்சுமி அவரோடு பேசுவதில்லை. வழியில் எதிர்ப்பட்டால் அவர் ஒதுங்கி நிற்கிறார், அவள் கடந்து போகிறாள். கலைக்களஞ்சியத்தில் பறவைகளைப் பற்றி மட்டும் எப்போதாவது எழுதுகிறார், இப்போது சொந்தப் பெயரில்.

கட்டுரையில் புதிய செய்தியை மேற்கோளாகக் காட்டி நான்தான் வரியைச் சேர்த்தேன். அச்சில் இருந்ததை அப்படியே எழுதினேன். எழுதும்போது, அந்தப் பன்னிரண்டு வரியில், மேலே நான் சொல்லாமல் விட்ட ஒரு சொல் என் கையைப் பிடித்து நிறுத்தியது. அது உண்மையல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்தது அவர் போனில் சொன்னதனால் மட்டுமே. மேற்கோள் இல்லை.

பிறகு ஒருநாள் கோட்டக்குப்பம் வழியாகப் போனபோது ஷஃபியின் கடையில் இறங்கினேன். பில் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். முதல் வரைவில் ஷஃபி, “சங்க நிர்வாகியின் அறிவுறுத்தலின் பேரில்” தகவல் தந்ததாக எழுதியிருந்தார்.

“நான் கேட்டேன் சார். ‘அன்னிக்கு போன்ல உங்க பின்னாடி ஒரு கொரலு கேட்டுச்சே, அது யாருண்ணே’ன்னு. எனக்கு இன்னும் காதுல இருக்குது அது. டெஸ்க்குலயும் கேப்பாங்க, யாரு சொல்லச் சொன்னதுன்னு. அந்தப் பேரு இருந்தா நியூஸு பெருசாவே வரும். இவரு மேல பாதி பாரம் எறங்கும்.”

“அதுக்கு என்ன சொன்னார்?”

“‘ஃபேன் சத்தமா இருக்கும்’னாரு.”

அசோகன் ஓய்வு பெற்று, திடமாக, மரக்காணத்திலேயே இருக்கிறார். காலையில் நடக்கப் போகிறார். அவர் ஏசுராஜுக்கு வேலை கொடுத்தவர், பாக்கியலட்சுமிக்கும் வேலை கொடுத்தவர், சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். பழியை முழுதாகத் தாமே வைத்துக்கொள்வதில் ஒருவகைப் பெருமையும் இருக்கலாம். நன்றி, பயம், இரக்கம் என்று எதை வைத்துப் பார்த்தாலும் ஏதோ ஒன்று இடிக்கிறது. ஏசுராஜிடம் ஒருமுறை நேராகவே கேட்டேன். கிடங்கில் சாக்கு எண்ண ஆள் காத்திருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.

வரைவில் ஷஃபியின் கையெழுத்து நீல மையில் இருக்கிறது. “நிர்வாகியின் அறிவுறுத்தலின் பேரில்” என்ற சொற்கள்மேல் ஒரே ஒரு கோடு. அதற்கு மேலே, பராமரிப்பு நோட்டின் படத்தில் நான் பார்த்த அதே நிதானமான கையெழுத்தில், ஏசுராஜ் எழுதியிருந்தார்: ‘தன்னிச்சையாக’.